பேசுபவருக்குக் கேட்காத பழுது

வாக்கி-டாக்கியில் வரும் பழுதுகளில் மிக ஆபத்தானது, அதைக் கையில் வைத்திருப்பவருக்கே தெரியாத பழுதுதான். மற்றவர்கள் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. பேட்டரி விளக்கு பச்சையாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆகவே தன் செட் நன்றாக இருக்கிறது என்றே அவர் நம்புகிறார். ஆனால் பேசும்போது செட்டின் ஸ்பீக்கர் அடங்கிவிடுகிறது. தன் குரல் எந்த நிலையில் வெளியே போகிறது என்று கேட்க அவருக்கு வழியில்லை. மறுமுனையில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். அவரும் பெரும்பாலும் "புரியலண்ணே, திரும்பச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இந்தக் குறை எங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது என்று பார்க்க செம்பவாங் நல்ல இடம். சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி, பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்த இடம் அது. 1938 பிப்ரவரி 14 அன்று அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கான்கிரீட் பள்ளத்தில் பெரும் போர்க்கப்பலையே நிறுத்தித் தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கலாம். 1968இல் தளத்தின் கப்பல்துறை வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. தமிழர்களும் மலையாளிகளும் தலைமுறைகளாக அங்கே உழைத்தார்கள். பட்டறை வேலைகள் பின்னர் மேற்கே துவாஸுக்கு இடம்மாறத் தொடங்கின. ஆனாலும் உலர்துறை வேலையின் அடிப்படைச் சிக்கல் எந்தப் பட்டறையிலும் ஒன்றுதான்: கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் இருக்கிறார், பாரமோ அவர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தில் நிற்கும் சிக்னல்மேனின் குரல்தான் அவருக்குக் கண். சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு கிரேன் இயக்க விதிமுறைகள் பாரம் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர், பாரத்தைக் கட்டும் ரிக்கர், சிக்னல்மேன் ஆகியோர் வேண்டும் என்கின்றன. அந்தச் சிக்னல்மேனின் குரலைச் சுமப்பது கையடக்கமான ஒரு செட்.

இப்போது 'ஸ்டாப்' என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்தில் வரும் 'ஸ்' ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ரேடியோவோ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்துகிறது. நல்ல செட்டிலேயே 'ஸ்' ஒலி பாதி செத்துத்தான் போய்ச் சேர்கிறது. செட்டில் சிதைவும் சேர்ந்தால் அடுத்து வரும் 'ட்' ஒலியும் மங்கும். மிஞ்சுவது 'ஆப்'. இரைச்சலுக்கு நடுவே அதை 'அப்' என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. நிறுத்து என்று சொன்னது தூக்கு என்று கேட்கிறது. "சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, பரவாயில்ல" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

சிதைவா, இரைச்சலா?

பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் செட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் 'சரியாகக் கேட்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது சிதைவு. குரல் பலமாகத்தான் வருகிறது, பின்னணியில் 'உஸ்' என்ற சத்தம் இல்லை, ஆனால் சொல் உடைகிறது, அமுங்குகிறது, பிளிறுகிறது. இரண்டாவது திறன் குறைவு. குரல் அதன் இயல்பிலேயே இருக்கிறது, ஆனால் மழைச் சத்தம் போன்ற இரைச்சல் அதை மூடுகிறது. பேசுபவர் நாலடி நகர்ந்தால் தெளிகிறது அல்லது ஒரேயடியாக மறைகிறது. சிதைவின் காரணம் பெரும்பாலும் மைக்குக்கும் பண்பேற்றும் பகுதிக்கும் இடையே இருக்கும். இரைச்சலின் காரணம் பேட்டரிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இருக்கும்.

காரணம் எளிது. இந்தச் செட்டுகள் பெரும்பாலும் எஃப்.எம். முறையில் இயங்குகின்றன. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற முறை அது. இதில் குரல் அலையின் வலிமையைத் தொடுவதில்லை. அலைவெண்ணை மட்டும் முன்னும் பின்னும் அசைக்கிறது. மெதுவாகப் பேசினால் அசைவு சிறிது, உரக்கப் பேசினால் அசைவு பெரிது. வெளியேறும் வாட் அளவு இரண்டிலும் ஒன்றே. ஆகவே கத்திப் பேசினால் குரல் ஓர் அடி தூரம்கூட அதிகமாகப் போகாது. எட்டவில்லை என்றதும் கத்துவது மனித இயல்பு. ஆனால் எஃப்.எம். செட்டில் அது திறன் குறைவை அப்படியே விட்டுவிட்டு, மேலே சிதைவையும் சேர்க்கிறது.

கத்தினால் ஏன் உடைகிறது?

அலைவெண் எவ்வளவு அசையலாம் என்பதற்கு எல்லை உண்டு. 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுஞ்சேனலில் 2.5 கிலோஹெர்ட்ஸ். இந்த எல்லையைத் தாண்டவிடாமல் குரல் அலையின் உச்சியை வெட்டும் சுற்று ஒவ்வொரு செட்டிலும் இருக்கிறது. இயல்பாகப் பேசும்போது அந்த வெட்டு அரிதாகவே நிகழும். வாயை மைக்கோடு ஒட்டிக் கத்தினால் ஒவ்வோர் அலையின் தலையும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. சதுரமான அலையில் மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. உயிரொலிகளின் பேரொலி வெட்டுப்பட்டுப் பரவி, நுண்மையான மெய்யொலிகளை விழுங்குகிறது. பொருளைத் தாங்குவது மெய்யொலிகள் என்பதால் சத்தம் நிறைய இருந்தும் சொல் புரியாது.

இதே விளைவு இன்னொரு வழியிலும் வரும். "சத்தம் கம்மியா இருக்கு" என்ற புகாருக்கு யாரோ ஒருவர் கணினி இணைத்து மைக் அளவை ஏற்றிவிட்டிருப்பார். அன்றைக்குப் புகார் தீர்ந்தது போலத் தோன்றும். அதன்பின் கிரைண்டர் சத்தமும் சுத்தியல் சத்தமும் குரலுக்குச் சமமாக ஏறி வெட்டுச் சுற்றை நிரப்பும்.

குறுஞ்சேனலும் அகலச் சேனலும் கலந்துவிட்டால் வரும் குழப்பம் தனி வகை. அகல அசைவில் அனுப்பும் செட்டின் அலைக்கு ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸ் இடம் வேண்டும். குறுஞ்சேனல் அசைவுக்கு 11 போதும். அகலமாக அனுப்பியதைக் குறுகிய வடிகட்டி உள்ள செட் வாங்கினால் ஓரங்கள் அறுபட்டுப் போகின்றன. மென்மையாகப் பேசினால் தெளிவாகவும், குரலை உயர்த்தியதும் உடைந்தும் கேட்டால் சந்தேகத்தை இங்கேதான் வைக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால், அதாவது குறுகலாக அனுப்பியதை அகலமான செட் கேட்டால், குரல் தெளிவாக ஆனால் சன்னமாக வரும். பழைய செட்டுகளோடு புதியவற்றைக் கலந்து வைத்திருக்கும் எந்த இடத்திலும் இது நடக்கும். செட்டில் பழுது ஏதும் இல்லை. அமைப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை.

அலைவெண் நழுவுவதும் உண்டு. செட்டின் உள்ளே அலைவெண்ணை நிலைநிறுத்தும் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 2.5 பங்குக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 457 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 1,140 ஹெர்ட்ஸ். குறுஞ்சேனலுக்கு அதுவே தாங்கும் எல்லைக்கு அருகில். கீழே விழுந்த அதிர்ச்சியிலோ முதுமையிலோ படிகம் இன்னும் விலகினால், அசைவின் ஒரு பக்க உச்சி வடிகட்டிக்கு வெளியே விழும். இதற்கு அடையாளம்: எல்லாக் கேட்பவர்களும் ஒரே மாதிரி சிதைவைச் சொல்வார்கள், அந்தச் செட்டின் காதுக்கும் மற்றவர்கள் குரல் சற்றுச் சிதைந்தே வரும். ஒரே ஒருவர் மட்டும் குறை சொன்னால் பழுது அவர் கையில் இருக்கும் செட்டில் இருக்கலாம்.

இரண்டு மில்லிமீட்டர் துளை

இவ்வளவு சுற்றுகளைப் பற்றிப் பேசினாலும், அமுங்கிய குரலுக்கு முதலில் பார்க்க வேண்டியது செட்டின் முகப்பில் இருக்கும் மைக் துளை. பெரும்பாலும் அதன் குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதன் பின்னே நீர் புகாமல் தடுக்கும் மெல்லிய சவ்வு, அதற்குப் பின்னே பொத்தான் போன்ற சிறு எலெக்ட்ரெட் மைக். கப்பல் பட்டறையில் இந்தத் துளைக்கு வரும் சோதனைகள் பல. துருவை அகற்ற மணல்துகள் பீய்ச்சும்போது எழும் தூசி, தெளிக்கும் பெயின்ட்டின் நுண்துளிகள், உப்புக் காற்று, வியர்வை எல்லாம் அதில் வந்து படிகின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துளையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். ஈரத்தில் குழைந்த தூசி காய்ந்து இறுகிய படிவு அது. துளை பாதி அடைபட்டதும் மேல் அதிர்வுகள் முதலில் சாகின்றன. பேசுபவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது.

ஊசியை விட்டுக் குத்துவதுதான் பலரும் செய்யும் வைத்தியம். சவ்வு கிழிந்துவிடும். அடுத்த மழையில் மைக்கும் சேர்ந்து போகும். மென்மையான தூரிகையால், செட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் துடைத்தெடுப்பதே சரி.

தோளில் மாட்டும் மைக்குகளில் இன்னொரு நுட்பம் உண்டு. இரைச்சலைக் குறைக்கும் வகைகளில் முன்னால் ஒரு துளையும் பின்னால் ஒரு துளையும் இருக்கும். தொலைவிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அருகிலிருக்கும் வாயின் குரல் முன்துளையில் மட்டும் பலமாக விழும். கையுறை போட்ட கை பின்துளையை மூடிவிட்டால் இந்த ஏற்பாடு குலைகிறது. மைக்கை முறையாகப் பிடித்து, நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி, துளையின் மேலே நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேச வேண்டும். பேசும் முறையை மாற்றியதும் புகார் மறைந்தால் செட்டைத் திறக்கும் வேலையே இல்லை.

மைக்கில் குரல் சுத்தமாக விழ வேண்டும் என்ற விதி டிஜிட்டல் செட்டுகளிலும் மாறவில்லை, இன்னும் கடுமையாகிறது. டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறையில் இயங்கும் செட் குரலை நொடிக்கு 3,600 பிட்டுகளாகச் சுருக்குகிறது. அதில் 1,150 பிட்டுகள் பிழை திருத்தவே செலவாகின்றன. மனிதக் குரலின் அமைப்பை எதிர்பார்த்து வடிவமைத்த சுருக்குமுறை அது. கிரைண்டர் சத்தமும் குரலும் கலந்து நுழைந்தால் எதைக் காப்பது என்று அதற்குத் தெரியாது. மறுமுனையில் இயந்திரக் குழறல்தான் வரும்.

பேட்டரி சொல்லும் பொய்

இனி இரண்டாவது புகார், அதாவது திறன் குறைவு. எட்டவில்லை என்றால் முதலில் குமிழ்களைப் பார்க்க வேண்டும். கடல்சார் வி.எச்.எஃப். செட்டில் 25 வாட்டுக்கும் 1 வாட்டுக்கும் மாற்றும் பொத்தான் இருக்கிறது. கப்பலுக்குள் பேசுவதற்கான 15, 17ஆம் சேனல்களில் 1 வாட்டுக்கு மேல் அனுமதி இல்லை. செட் தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். இது தெரியாமல் செட்டைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்புபவர்கள் உண்டு.

அடுத்தது பேட்டரி. 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியுள்ள கைச்செட் 5 வாட் அனுப்பும்போது ஏறத்தாழ 1.5 ஆம்பியர் இழுக்கும். புதுப் பேட்டரியின் உள்தடை, தொடுமுனைகள் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் என்றால் 0.3 வோல்ட்தான் குறையும். வயதான பேட்டரியில், அழுக்கேறிய தொடுமுனைகளோடு, அதே தடை 0.8 ஓம் ஆகிவிட்டால் 1.2 வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும். மீட்டரை வெறும் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கேட்கும்போதும் குறை தெரியாது, ஏனெனில் கேட்பதற்குச் சொற்ப மின்னோட்டம் போதும். மேல்தொட்டியில் தண்ணீர் தளும்பினாலும் குழாயில் துரு அடைத்திருந்தால் திறந்தபின் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பேட்டரியும் அப்படித்தான். ஆகவே பேட்டரியைச் சோதிக்க ஒரே வழி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளப்பது. வாட்மீட்டர் முதல் நொடியில் 4.5 காட்டி, பத்தாவது நொடியில் 2.5க்கு இறங்கினால் குற்றவாளி பேட்டரிதான்.

படகில் பொருத்திய 25 வாட் செட்டுக்கும் இதே கணக்கு. அது 13.8 வோல்ட்டில் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். உப்பேறிய ஃபியூஸ் பிடிப்பில் 0.3 ஓம் தடை இருந்தால் போதும். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அங்கேயே சூடாக வீணாகும். கையை வைத்துப் பார்த்தால் ஃபியூஸ் பிடிப்பு சுடும். அந்தச் சூடு செட்டிலிருந்து களவுபோன திறன்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. பிற்பகல் வெயிலில் இரும்புத் தளத்தில் நின்று இடைவிடாது பேசும்போது, திறன் டிரான்சிஸ்டர் எரிந்துவிடாதிருக்க நல்ல செட் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறியதும் சரியாகிவிடும். குளிரூட்டிய அறையில் சோதித்தால் இந்தப் பழுது அகப்படவே செய்யாது.

ஆன்டெனாவும் கேபிளும்

செட் தரும் திறனெல்லாம் ஆன்டெனா வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆன்டெனா ஒத்துப்போகாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வந்து செட்டின் மேலேயே விழும். இந்தப் பொருந்தாமையை எஸ்.டபிள்யூ.ஆர். என்ற விகிதத்தால் அளக்கிறார்கள். விகிதம் 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். கடைசி நிலையில் செட் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டைத் தானே சுருக்கிவிடும்.

கைச்செட்டுகள் வரிசையாக நிற்கும் சார்ஜர் பலகையில் ஆன்டெனாக்கள் இடம்மாறிப் போவது சாதாரணம். வி.எச்.எஃப். ஆன்டெனாவும் யூ.எச்.எஃப். ஆன்டெனாவும் கருப்பு ரப்பருக்குள் ஒன்றுபோலவே இருக்கும், திருகும் பொருந்திவிடும். அடியில் இருக்கும் வண்ண வளையத்தையோ எண்ணையோ பார்த்தால்தான் தெரியும். ஆன்டெனாவை வளைத்து இடுப்பில் செருகிக்கொள்வதும், அதைப் பிடித்துச் செட்டைத் தூக்குவதும் அடிப்பகுதியில் உள்ளே இருக்கும் கம்பியை முறித்துவிடும். வெளியே ரப்பர் முழுசாக இருக்கும். உள்ளே இணைப்பு இராது.

படகுகளிலும் கட்டடக் கூரைகளிலும் கேபிள்தான் பெரும் திருடன். ஆர்.ஜி. 58 வகை மெல்லிய கேபிள் கடல்சார் வி.எச்.எஃப். அலைவெண்ணில் 20 மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபெல் விழுங்கும். 25 வாட்டை உள்ளே அனுப்பினால் மறுமுனையில் 10 வாட்தான் வெளியேறும். இது புதுக் கேபிளின் கணக்கு. செம்பவாங் போன்ற கரையோரத்தில், ஆண்டு முழுதும் மழையும் உப்புக் காற்றும் அடிக்கும் இடத்தில், மேலே இருக்கும் இணைப்பானுக்குள் தண்ணீர் நுழைந்துவிடும். அப்படிப்பட்ட இணைப்பானை வெட்டிப் பார்த்தால் பழுது கண்ணெதிரே தெரியும்: நடு ஊசியில் பச்சைப் பொடி, சுற்றுப் பின்னலின் செம்பு இழைகள் பளபளப்பிழந்து கருப்பாக. கத்தியால் உறையைச் சீவிக்கொண்டே போனால் ஒரு மீட்டர் தாண்டியும் கருமை தொடரும். பின்னலின் இழைகளுக்கிடையே தண்ணீர் ஏறிச்செல்வதால் அந்த நீளம் முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். இணைப்பானை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. நனைந்த கேபிள் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ஏமாற்றும். போகும் அலையையும் திரும்பும் அலையையும் கேபிளே குடித்துவிடுவதால், செட்டின் அருகே அளந்தால் விகிதம் அழகாக 1.2 காட்டும். மீட்டரை நம்பி மனநிறைவு அடைந்தவர் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும் திறனை அளந்திருக்க மாட்டார். கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவுக்குப் பதில், திறனை வெளியே விடாமல் தானே உறிஞ்சிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடை மாட்டி, இரு முனைகளிலும் வாட்மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

இரண்டும் சேர்ந்து வந்தால்

குரல் உடைகிறது, எட்டவும் இல்லை என்று ஒரே செட்டின் மேல் இரு புகாரும் வந்தால் இரண்டு தனித்தனிப் பழுதுகளைத் தேடக் கூடாது. இரண்டையும் ஒருசேர உண்டாக்கும் ஒரே காரணத்தைத் தேட வேண்டும். அப்படிப்பட்டவை இரண்டு.

ஒன்று, மேலே சொன்ன மின்வழங்கல். வோல்ட் மிகவும் சரிந்தால் திறன் குறைவதோடு நில்லாமல் அலைவெண்ணைப் பூட்டி வைக்கும் சுற்றும் தடுமாறும். குரலின் உச்சியில் செட் துடித்துத் துடித்துப் பேசும். இன்னொன்று ஆன்டெனா. திரும்பி வரும் அலை கேபிளின் வெளிப்புறமாக இறங்கி, மைக்கின் சுருள்வயரில் புகுந்து, குரலோடு சேர்ந்து மீண்டும் பெருக்கப்படும். கேட்பவருக்கு அது ரீங்காரமாகவோ ஊளையாகவோ விழும். சோதனை எளிது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் டம்மி லோடை மாட்டிப் பேச வேண்டும். பக்கத்து அறையில் இன்னொரு செட்டில் குரல் சுத்தமாகக் கேட்டால் செட் நிரபராதி. கேபிளையும் ஆன்டெனாவையும் பிடிக்கலாம். டம்மி லோடிலும் உடைந்தால் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம், அதன்பின் மைக்கை. எதுவும் மாட்டாமல் வெறுமனே அனுப்பக் கூடாது. திறன் டிரான்சிஸ்டர் அதிலேயே போய்விடலாம்.

செட்டில் குறையே இல்லாதபோது

சில புகார்களுக்கு எந்தச் செட்டும் காரணமாக இராது. கப்பல் ஓர் இரும்புப் பெட்டி. 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில், ஓர் அலையின் நீளம் 1.91 மீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆள்நுழைத் துளை வழியாக அந்த அலை எளிதில் புகாது. துளை அரை அலைநீளத்தைவிடச் சிறிது. கப்பலுக்குள் பேசுவதற்கென உலக அளவில் ஒதுக்கிய 457, 467 மெகாஹெர்ட்ஸ் யூ.எச்.எஃப். பகுதியில் அலைநீளம் 65 சென்டிமீட்டர்தான். அதன் பாதி 33. அது துளை வழியே நுழைந்து சுவர்களில் மோதி உள்ளே பரவும். தொட்டிக்குள்ளிருந்து வி.எச்.எஃப். எட்டவில்லை என்றால் வாட்டைக் கூட்டிப் பயனில்லை. அலைவெண்ணை மாற்ற வேண்டும்.

சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களும் உண்டு. யூ.எச்.எஃப்.இல் அத்தகைய குருட்டுப் புள்ளிகள் சுமார் 33 சென்டிமீட்டர் இடைவெளியில் அமையும். அரையடி நகர்ந்தாலே குரல் தெளிந்துவிட்டால் அது இடத்தின் குற்றம். செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு தோள் மைக்கில் பேசுவதும் அப்படியே: உடம்பு அலையைக் குடிக்கிறது. செட்டை முகத்துக்கு நேரே உயர்த்தியதும் எட்டினால் காரணம் கிடைத்துவிட்டது.

செம்பவாங்கில் எதிர்க்கரையும் கணக்கில் வரும். நீரிணைக்கு அப்பால் ஜொகூர். கிழக்கே பாசிர் கூடாங் துறைமுகம். ரேடியோ அலைக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. கையில் ஏந்திய இரு செட்டுகளுக்கே திறந்த கடற்பரப்பில் ரேடியோ தொடுவானம் 11 கிலோமீட்டர் வரை விரிகிறது. ஒரே சேனலில் இரு குரல்கள் மோதினால் எஃப்.எம். செட் பலமானதைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். இரண்டும் ஏறத்தாழச் சமமானால் இரண்டும் குழறும். விட்டுவிட்டு வரும் சிதைவு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வரும் சிதைவு என்றால் சேனலில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கும் ஒழுங்கும்

பழுது எவ்வளவு பெரியது என்பதைத் தூரமே சொல்லும். தடையற்ற வெளியில் திறன் நாலில் ஒரு பங்காகும்போதுதான் தூரம் பாதியாகிறது. 5 வாட் செட் 2.5 வாட்டுக்கு இறங்கியதைப் பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள். நேற்று 3 கிலோமீட்டர் எட்டிய செட் இன்று 200 மீட்டரில் நின்றுவிட்டது என்றால் தூரம் 15 மடங்கு சுருங்கியிருக்கிறது. திறன் 225இல் ஒரு பங்காகியிருக்க வேண்டும், அதாவது 5 வாட் போய் 0.02 வாட். கிழட்டுப் பேட்டரி இவ்வளவு பெரிய சேதத்தைச் செய்யாது. ஆன்டெனாவின் உள்ளிணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது திறன் டிரான்சிஸ்டர் செத்து அதற்கு முந்தைய கட்டத்தின் கசிவு மட்டும் வெளியேறுகிறது. ஒரு பெருக்கல் கணக்கு பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்துகிறது.

மீட்டர் இல்லாத இடத்திலும் ஒழுங்கு கைகொடுக்கும். நன்றாக வேலை செய்யும் இன்னொரு செட்டை எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரே பொருளை மட்டும் மாற்ற வேண்டும்: முதலில் பேட்டரி, பிறகு ஆன்டெனா, பிறகு வெளி மைக், கடைசியில் செட். நிற்கும் இடத்தையும் சொல்லும் வாக்கியத்தையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் மறுமுனையில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றிச் சரியானால் எது காரணம் என்று என்றைக்கும் தெரியாது. பழுதான பாகம் மறுபடி சார்ஜர் பலகைக்கே போய்ச் சேரும்.

உதிரி பாகங்களுக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் போகும் இடம் ஜாலான் புசார் பக்கத்துச் சிம் லிம் டவர். இணைப்பான், 50 ஓம் கேபிள், நீர்புகா நாடா ஆகியவற்றை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு எல்லைகள் உண்டு. எரிவாயு தேங்கும் தொட்டிகளில் பயன்படுத்தும் வெடிப்புக் காப்புச் சான்று பெற்ற செட்டை அதற்கு அனுமதி பெற்ற பட்டறையைத் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது. வேறு வகைப் பேட்டரியைச் செருகினாலே அந்தச் சான்று செல்லாது. உள்ளே ஒரு பொறி போதும், பேரழிவுக்கு. அதேபோல், எட்டவில்லை என்பதற்காகத் திறனையோ அலைவெண்ணையோ நம் விருப்பத்துக்கு ஏற்றக் கூடாது. சிங்கப்பூரில் அவற்றை ஒதுக்கும் பொறுப்பு தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. நாம் கூட்டும் வாட் பக்கத்துச் சேனலில் இன்னொரு சிக்னல்மேனின் குரலை அழிக்கலாம்.

தொழில்நுட்பத்தைக் காட்டிலும் முக்கியமான பழக்கம் ஒன்று இருக்கிறது. பாரம் தூக்குவதற்கு முன் சிக்னல்மேன் தான் வேலை செய்யப்போகும் அதே இடத்தில் நின்று, அதே உடுப்போடு, அதே குரலில் பேசிப் பார்க்க வேண்டும். "கேக்குதா?" என்று கேட்டால் "கேக்குது" என்ற பதில்தான் வரும், அது எதையும் நிரூபிப்பதில்லை. கிரேன் ஓட்டுநர் கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கூடவே, குரல் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும்: உடைகிறதா, அமுங்குகிறதா, இரைகிறதா என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் பழுதுபார்ப்பவரின் வேலையில் பாதி முடிந்துவிடும். வேலைக்கு நடுவே ஒரு கட்டளை புரியவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது, பாரத்தை நிறுத்த வேண்டும். செட்டைப் பழுதுபார்க்க எத்தனை மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். தொங்கும் பாரத்துக்குக் கீழே நிற்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.